தில்லியிலிருந்து மதுரைக்குத் தனியாக: பகல் வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பிரித்த ஒரு மோட்டார் சைக்கிள் பயணத்தின் ஆய்வு

தில்லியில் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர், அங்கே வாங்கி ஓட்டிய மோட்டார் சைக்கிளை மூன்று வழிகளில் தீர்க்கலாம். வந்த விலைக்கு விற்றுவிடலாம். பெட்ரோலை முழுதும் வடித்து, சாக்குத்துணி சுற்றி, ரயில் பார்சலில் ஏற்றிவிடலாம். அல்லது அதிலேயே ஏறி ஊருக்கு வந்துவிடலாம். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் நான் மூன்றாவது வழியை எடுத்துக்கொண்டேன். எங்கே தங்கினேன், எப்போது புறப்பட்டேன், எந்தச் சாலையைத் தவிர்த்தேன் என்ற முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் பிரித்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். தாபா உணவுக்கும் மலைக்காட்சிக்கும் இதில் அதிக இடம் இராது.

வண்டி 350 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், கம்பிச் சக்கரம், ட்யூப் உள்ள டயர், 13 லிட்டர் டேங்க். வழி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் இச்சாலை, பழைய பல நெடுஞ்சாலைகளை இணைத்து 2010ஆம் ஆண்டின் எண் சீரமைப்பில் ஒரே எண்ணைப் பெற்றது. நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்று சொல்வது இதன் தெற்குப் பாதியைத்தான். தில்லியிலிருந்து மதுரை வரை இது ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் நீளும். பெரும்பகுதி நான்கு வழி. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் கிடையாது.

கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்பதுதான். 2,600ஐ 500ஆல் வகுத்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் பலர். ஜனவரியில் இந்த வகுத்தல் தவறான விடையைத் தரும் என்பதுதான் இந்த ஆய்வின் மையக் கருத்து. நாட்டை நீளவாக்கில் கடக்கும்போது பகலின் பயன்படும் நீளம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓட்டுகிறவரின் உடல்வலிமையோ அதற்கு நேரெதிர்த் திசையில் மாறிக்கொண்டு போகிறது. இந்த இரண்டு கோடுகளும் எங்கே வெட்டுகின்றன என்று பார்த்துத்தான் தங்குமிடங்களைக் குறிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் தில்லியில் சூரியன் காலை ஏழே காலுக்கு உதித்து மாலை ஐந்தே முக்காலுக்குள் மறைகிறது. பத்தரை மணி நேரப் பகல் என்று ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மூடுபனி கலைவதற்கு ஒன்பதரை, சில நாள் பதினொன்று ஆகிவிடும். ஆக, கையில் கிடைப்பது ஏழு அல்லது எட்டு மணி நேரம். மதுரையிலோ ஆறேமுக்காலுக்கு முன்பே விடிந்து, ஆறே காலுக்கு மேல்தான் இருட்டுகிறது; பனியும் குறுக்கே நிற்பதில்லை. வெளிச்சம் தெற்கே வரவர நீள்கிறது. ஆனால் தெற்கே வந்து சேரும்போது முதுகும் மணிக்கட்டும் கண்ணும் பல நாள் களைப்பைச் சேர்த்து வைத்திருக்கும். எனவே தொடக்கத்தில் பனிக்காகக் குறைந்த தூரம், நடுவில் அதிக தூரம், முடிவில் களைப்புக்காக மறுபடியும் குறைந்த தூரம் என்று பிரித்தேன். குவாலியர், சாகர், நாக்பூருக்குத் தெற்கேயுள்ள புட்டிபோரி, ஹைதராபாத்துக்கு வடக்கேயுள்ள மேட்சல், அனந்தபூர், தருமபுரி ஆகியவை தங்குமிடங்கள். முதல் இரண்டு கட்டங்கள் முந்நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டின. நடுக்கட்டங்களில் பெரும்பாலானவை நானூறை ஒட்டியோ தாண்டியோ இருந்தன. கடைசிக் கட்டம் முந்நூறு அளவில் நின்றது.

மூடுபனியும் நிற்கும் தூரமும்

தில்லியிலிருந்து ஆக்ராவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கிரேட்டர் நொய்டாவிலிருந்து 165 கிலோமீட்டர் நீளும் யமுனா விரைவுச்சாலை. இருசக்கர வாகனங்களுக்கு அங்கே அனுமதி உண்டு, கட்டணமும் உண்டு. மற்றொன்று பரீதாபாத், பல்வல், மதுரா வழியாகச் செல்லும் பழைய சாலை. விரைவுச்சாலை நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. இருந்தும் நான் பழைய சாலையில்தான் வந்தேன். மூடுபனிக் காலத்தில் யமுனா விரைவுச்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் மோதிக் குவிவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. இதற்காகவே டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை அங்கே வேக வரம்பைக் குறைக்கிறார்கள். பனி திடீரென இறங்கினால் ஒதுங்கி நிற்க அங்கே ஓய்விடங்கள் வெகுதொலைவுக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. சாலையோரம் நிற்பதோ ஓட்டுவதைவிட ஆபத்தானது. பழைய சாலையில் நெரிசல் உண்டு, மாடு உண்டு, எதிர்த்திசையில் வரும் ஆட்டோ உண்டு. ஆனால் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை விளக்கெரியும் பெட்ரோல் பங்க் ஒன்றும் உண்டு. பனிக்காலத்தில் அந்தப் பங்க்தான் முக்கியம்.

எவ்வளவு பனி இருந்தால் நிற்க வேண்டும் என்பதை மனத்திடத்துக்கு விட்டுவிடக் கூடாது. அதற்குக் கணக்கு இருக்கிறது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு நெறிகளின்படி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி தடையைக் கண்டு பாதுகாப்பாக நிற்க 80 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 45 மீட்டர் வேண்டும். சாலையின் நடுக்கோடுகளையோ மீடியன் செடிகளையோ எண்ணிப் பார்த்து, கண்ணுக்கு ஐம்பது மீட்டர்தான் எட்டுகிறது என்றால் 40க்கு மேல் போகக் கூடாது. அதற்கும் கீழே பார்வை குறைந்தால் முன்னே செல்லும் வண்டியை நாம் பார்ப்பதைவிடப் பின்னே வருகிறவர் நம்மைப் பார்ப்பாரா என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு சிறிய சிவப்பு விளக்கு. இந்த நிலையில் நிற்பதுதான் விதி என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால், தோல்பூருக்கும் மொரேனாவுக்கும் இடையே சம்பல் ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது, பிற்பகலிலும் ஆற்றை ஒட்டிப் பனி கெட்டியாகத் தேங்கி நின்றதைக் கண்டு, யோசிக்காமல் ஒரு தாபாவில் ஒதுங்கிவிட முடிந்தது. குவாலியரை அன்றைய எல்லையாக வைத்திருந்ததன் பயன் அங்கேதான் தெரிந்தது. ஜான்சியை எல்லையாக வைத்திருந்தால் அந்த நேரம் முழுதும் இருட்டில் போய் விழுந்திருக்கும். (மொரேனாவில் எள்ளும் வெல்லமும் இடித்துச் செய்யும் கஜக் என்ற இனிப்பு பெயர்பெற்றது. ஊரில் கொடுப்பதற்கு நான் வாங்கிய ஒரே பொருள் அதுதான். எடையும் குறைவு, குளிரில் கெடுவதும் இல்லை.)

குளிரைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். காற்று 7 டிகிரியில் இருக்கும்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், காற்றுக்குளிர்ச்சிச் சூத்திரத்தின்படி திறந்த தோல் உணர்வது ஏறத்தாழ 1 டிகிரி. இதில் நடுக்கம் ஒரு தொல்லை மட்டுமே. விரல் மரத்துப் போவதுதான் உண்மையான ஆபத்து. மரத்த விரல் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கும், பிடித்த பிறகு அழுத்தத்தை அளவிடாது. மேலே சொன்ன 45 மீட்டரும் 80 மீட்டரும் சரியாக இயங்கும் கைகளுக்கான கணக்கு. அதனால் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று கைகளைச் சூடாக்கிக்கொள்வதை ஓய்வாகக் கருதாமல் பிரேக் பராமரிப்பாகவே கணக்கில் எழுதினேன். சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே செய்தித்தாள் செருகிக்கொள்ளும் பழைய லாரி ஓட்டுநர் வழக்கம் இன்றும் பலிக்கிறது. விலையுயர்ந்த குளிர்க்கவசம் வாங்கினால் கர்னூலில் பிற்பகல் 30 டிகிரியில் அதைச் சுமந்துகொண்டு வர வேண்டியிருக்கும். செய்தித்தாளை ஜான்சியிலேயே எறிந்துவிடலாம்.

கரும்பும் நூலும்

ஜான்சி, லலித்பூர், சாகர் வரை புந்தேல்கண்டின் சாலை அமைதியானது. சொல்வதற்கு அதிகம் இல்லை. சாகரைத் தாண்டிக் கடகரேகையையும் கடந்து பர்மான் என்ற இடத்தில் சாலை நர்மதையைக் கடக்கிறது. அந்த நரசிங்பூர் மாவட்டம் கரும்புக்கும் வெல்லத்துக்கும் பெயர்போனது. ஜனவரி அங்கே அறுவடைக்காலம். இரட்டிப்பு உயரத்துக்குக் கரும்பு அடுக்கிய டிராக்டர் டிரெய்லர்கள் பின்விளக்கோ பிரதிபலிப்பானோ இல்லாமல் நெடுஞ்சாலையில் ஊர்கின்றன. மீடியன் திறப்பு தொலைவில் இருந்தால் எதிர்த்திசையிலேயே வருகின்றன. பகலில் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே தெரிகிற இந்த வண்டி, இருட்டிய பிறகு ஹெட்லைட்டின் எல்லைக்குள் வரும்வரை கண்ணில் படாது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பின் நுனி அதற்கும் முன்பே ஹெல்மெட்டைத் தட்டும். மகர சங்கராந்தியை ஒட்டிப் பர்மான் ஆற்றுத்துறையில் திருவிழாக் கூடுவதால் போக்குவரத்து இன்னும் கலைந்து கிடக்கும். நாம் பொங்கலுக்கு ஊர் போகும் அதே அவசரத்தில் அங்கேயும் ஒரு நாடு அறுத்துக்கொண்டும் ஏற்றிக்கொண்டும் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து நாட்காட்டி பார்த்துத் திட்டமிடுகிறவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பகுதியைக் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே கடக்கும்படி சாகரிலிருந்து புறப்பட்டதற்குக் காரணம் இதுவே. பெங்கங்கை ஆற்றின் இருபுறமும், யவத்மால், அதிலாபாத் பக்கங்களில் கரும்புக்குப் பதில் பருத்தி; ஆபத்தின் தன்மை ஒன்றுதான்.

சிவ்னிக்குத் தெற்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் சாலை செல்கிறது. மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் கீழே கடந்து செல்ல ஒன்பது அமைப்புகளைக் கட்டிச் சாலையை மேலே தூக்கியிருக்கிறார்கள். புலிகளும் அவற்றைப் பயன்படுத்துவது கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. வேகம் பற்றிய கவலை குறைந்த பகுதி இது. ஆனால் அடுத்து வரும் நாக்பூரில் கவலை வேறு உருவில் வருகிறது.

சங்கராந்திக்கு முந்தைய வாரங்களில் நாக்பூர் முழுதும் பட்டம் விடுகிறது. நைலான் மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017ஆம் ஆண்டு நாடு முழுவதும் தடை செய்தது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை, கழுத்து அறுபட்டு இருசக்கர ஓட்டுநர்கள் இறப்பதும் நிற்கவில்லை. சாலைக்குக் குறுக்கே தொய்ந்து கிடக்கும் அந்த நூல் ஓடும் வண்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. பிரேக் பிடிக்க நேரமும் தராது. பயணத்துக்கான பாதுகாப்புப் பட்டியல்களில் இது இடம்பெறுவதே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மலைப்பாதைக்கும் மழைக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், ஜனவரியில் நகரத்துக்குள் மிதமான வேகத்தில் செல்கிறவரையும் கொல்லக்கூடிய ஒன்றை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. குஜராத்தில் இந்தப் பருவத்தில் கைப்பிடியின் முன்னால் வளைந்த இரும்புக் கம்பி ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். நூலை அது கழுத்துக்கு வரவிடாமல் மேலே தள்ளிவிடும். நான் அப்படியொரு கம்பியையும், ஜாக்கெட் காலருக்கு மேல் தடித்த கழுத்துப்பட்டையையும் பயன்படுத்தினேன். நகருக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றினேன். பட்டம் விடுவது மாலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால், நான்கு மணிக்குள் நாக்பூர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று சாகரிலிருந்தே கணக்கிட்டிருந்தேன். ஹைதராபாத்திலும் இதே பருவத்தில் பட்டங்கள் உண்டு.

கையிருப்பில் ஒன்றரை மணி நேரம்

ஒவ்வொரு நாளும் இருட்டுவதற்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்பே தங்குமிடம் சேரும்படி திட்டம் இருந்தது. இதை வீணான நேரம் என்று நினைக்கிறவர்களுக்கு நிர்மல் பகுதியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கோதாவரியைத் தாண்டி ஆர்மூரை நெருங்கும்போது பின்சக்கரம் மெல்ல அலையத் தொடங்கியது. ஆணி. ட்யூப் இல்லாத டயராக இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே திரி செருகி அடைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். கம்பிச் சக்கரத்தில் ட்யூப் இருப்பதால் மூட்டை முடிச்சுகளை இறக்கி, செயினைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை மாற்றி, மறுபடியும் செயின் இழுவையைச் சரிபார்க்க வேண்டும். மாற்று ட்யூப் என்னிடம் இருந்தது. சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் கைகொடுத்தார். வண்டியை உருட்டிச் சென்றது முதல் மீண்டும் ஏறி உட்கார்ந்தது வரை அந்தக் கையிருப்பு நேரம் ஏறக்குறைய முழுதும் கரைந்தது. ஆனாலும் மேட்சலில் அறை எடுக்கும்போது வானத்தில் வெளிச்சம் இருந்தது. இழந்த நேரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டும் தேவை எழவில்லை. பழுதைவிடப் பழுதுக்குப் பிந்தைய அந்த வேகம்தான் ஆளை வீழ்த்துகிறது.

மேட்சலில் தங்கியதற்கு ஹைதராபாத்தின் அமைப்பே காரணம். நகரைச் சுற்றியுள்ள 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. லாரியும் காரும் சுற்றிக்கொண்டு போய்விட, மோட்டார் சைக்கிள் மட்டும் நகரின் நடுவே புகுந்து ஷம்சாபாத் பக்கம் வெளியேற வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காகச் சொல்லப்படும் இந்தத் தடை, நீண்டதூரம் வருகிறவரை அதைவிட நெரிசலான சாலைக்குள் தள்ளுகிறது என்பது என் கருத்து. நகரம் விழிப்பதற்குள் விடிந்தும் விடியாததுமாகக் கடந்துவிடுவதே இதற்கு ஒரே மருந்து.

அதன்பின் கிருஷ்ணை, துங்கபத்திரை, கர்னூல். கர்னூலுக்கும் அனந்தபூருக்கும் இடையே குத்தி என்ற ஊர் வரை சாலை நேராகவும் வெறுமையாகவும் கிடக்கிறது. பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை உடலின் உட்கடிகாரம் இயல்பாகவே தணியும் நேரம். சாப்பாடும் வெயிலும் சீரான எஞ்சின் ஒலியும் சேர்ந்தால் கண் திறந்தபடியே மூளை சில நொடிகள் உறங்கிவிடும். மணிக்கு 70 கிலோமீட்டரில் மூன்று நொடி என்பது 58 மீட்டர். காரில் இருப்பவர் பாதை விலகித் தடுப்பில் உரசுவார். இங்கே அந்தத் தடுப்பே எமன். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநரின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு எட்டு மணி என வரையறுத்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேலை வாங்காமல் அரைமணி ஓய்வு தரச் சொன்னது. மூடிய கேபினில் சாய்ந்து அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கே இந்த வரம்பு என்றால், காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு ஐந்து மணி மிக அதிகம். நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஓய்வு என்று வைத்ததுடன், பகலில் சோற்றைக் குறைத்து, மூன்று மணியளவில் பெட்ரோல் பங்க் நிழலில் இருபது நிமிடம் படுத்துவிடுவதை நாள்தோறும் கடைப்பிடித்தேன். தூக்கம் வந்ததா இல்லையா என்று பார்க்கவில்லை. நேரம் ஆனதும் படுத்தேன்.

கடைசி முந்நூறு

அனந்தபூரிலிருந்து மதுரைக்கு 650 கிலோமீட்டர். விடிகாலை புறப்பட்டால் இரவுக்குள் வீடு. இந்த எண்ணம்தான் முழுப் பயணத்திலும் மிக வலுவான இழுப்பாக இருந்தது. பெங்களூரைத் தவிர்த்துத் தேவனஹள்ளி, ஹொசகோட்டை, மாலூர் வழியாக ஒசூருக்குள் நுழைந்ததும் பெயர்ப்பலகை தமிழில் மாறுகிறது, தேநீரின் சுவை மாறுகிறது, களைப்பு நீங்கியது போலவே தோன்றுகிறது. உண்மையில் எதுவும் நீங்கவில்லை. தருமபுரியில் இருட்டத் தொடங்கும். அதை அடுத்து வருவது தொப்பூர் கணவாய். சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்த லாரிகள் முன்னே நிற்கும் வண்டிகளின்மேல் ஏறுவது பலமுறை நடந்திருக்கிறது. பல நாள் களைத்த கண்ணுடன் இரவில் லாரிகளின் நடுவே அந்தச் சரிவில் இறங்குவதற்கும், மறுநாள் காலை தெளிந்த வெளிச்சத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சினின் இழுப்பிலேயே இறங்குவதற்கும் உள்ள வேறுபாட்டுக்காகவே தருமபுரியில் அறை முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்று மத்திய அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. வீட்டை நெருங்கிவிட்டோம் என்ற நினைப்பை எந்த அறிக்கையும் காரணங்களின் பத்தியில் எழுதுவதில்லை.

அன்று மாலை தொலைபேசியில் அம்மா கேட்டது, “பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவியாப்பா?” என்றுதான். எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொன்னதால், இரவு முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வீட்டாருக்கும், அதை நினைத்து வேகம் கூட்டும் நிலை எனக்கும் இல்லாமல் போயிற்று. வழியில் இருப்பவரிடம் ‘இப்போது எங்கே’ என்று மணிக்கொருமுறை கேட்கும் அழைப்புகளும் ஓட்டுநரின் மீது விழும் சுமைதான். தங்குமிடம் சேர்ந்ததும் ஒரே ஒரு அழைப்பு என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தொப்பூர், சேலம், நாமக்கல், பரமத்தி வேலூரில் காவிரி, கரூர், திண்டுக்கல் எல்லாம் போகிக்கு முந்தைய நாள் பகலில் கடந்தன. நாள்தோறும் மாலையில், செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் விட்டதால் பற்சக்கரம் தேயவில்லை; பின்டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தது, அதை மாற்றியாக வேண்டும். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்ற கணக்கில் ஏறத்தாழ 75 லிட்டர் பெட்ரோல் செலவாயிற்று. தங்கும் அறைகளின் வாடகையைச் சேர்த்தால் ரயில் பார்சல் மலிவுதான். செலவை மட்டும் பார்க்கிறவர்கள் அதைத் தேர்வது சரியே. அடுத்து ஓட்டுகிறவர்கள், வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவை நினைவில் கொண்டு, புறப்படும் முன்பே தில்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். அது கையில் இருந்தால் இங்கே படிவம் 27ஐக் கொடுத்து, தமிழ்நாட்டுச் சாலை வரியைக் கட்டி, புதிய எண்ணைப் பெற்றுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அந்த ஒரு தாளுக்காக அலைய வேண்டியிருக்கும்.